பிரான்ஸ் கிராமத்தில் முதல் கோடையா? வெயிலுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

பாரிஸ் வாடகைக்குப் பயந்து தென்மேற்குக் கிராமங்களில் பழைய கல்வீடு தேடுகிற நம்மவர்கள் குளிரைப் பற்றித்தான் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். விறகு என்ன விலை, ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா, ஹீட்டர் கரண்டிலா கேஸிலா. கோடையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. "நாம பாக்காத வெயிலா?"

நான் இருப்பது ழெர் மாவட்டத்தில், ஓஷ் நகருக்குச் சற்றுத் தள்ளி. ஜூலையில் 38, 39 டிகிரி இங்கே இப்போது அதிசயமில்லை. நாட்டின் உச்சம் 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்து வெரார்க் ஊரில் பதிவான 46 டிகிரி. ஆனால் டிகிரியைவிட மற்ற விஷயங்கள்தான் ஆளைப் படுத்தும். வீட்டில் சீலிங் ஃபேன் கிடையாது. மாடியறை ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும். சூரியன் இரவு பத்து மணி வரை போகாது. முதல் வெப்ப அலை வந்த இரண்டாம் நாள் கடையில் ஃபேன் தீர்ந்துவிடும், ஏசி போடுகிறவர் செப்டம்பரில் வருகிறேன் என்பார், ஆகஸ்டில் மருத்துவரே விடுமுறையில் இருப்பார். ஆகவே கீழே உள்ளதைக் காலண்டர் வரிசையில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் வெயில் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை.

1. பிப்ரவரி, மார்ச்: ஏசி வேண்டுமா என்று முடிவெடுங்கள்

சுவரில் மாட்டும் ஏசி என்றால் வெளியே ஒரு பெட்டி வரும். அது வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றுகிறது என்பதால் ஊர் மெரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதற்குப் பெயர் தெக்லராசியோன் பிரெயலாப். ஏசி போடுகிறவர்களில் சிலர் "அதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்பார்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெட்டியின் சத்தம் பிடிக்காமல் போனால் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான். கடைசியில் பெட்டியைக் கழற்றும் செலவு உங்கள் தலையில் விழும், போட்டவர் தலையில் அல்ல.

தேவையானவை: நிரப்பிய படிவம், வீடு ஊரில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், மனையின் வரைபடம், சுவரின் இப்போதைய புகைப்படம், பெட்டி வந்தபின் எப்படி இருக்கும் என்று காட்டும் படம். முதல் இரண்டு வரைபடங்களும் அரசின் கதாஸ்தர், ஜெயோபோர்த்தாய் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும், காசு கொடுத்து வாங்காதீர்கள். கடைசிப் படத்துக்கு வரைகலைஞர் தேவையில்லை. புகைப்படத்தின் மேல் ஒரு வெள்ளைச் செவ்வகத்தை ஒட்டி, நீள அகலம் எழுதினால் போதும். மனுவுக்குக் கட்டணம் இல்லை.

காலக்கெடு ஒரு மாதம். அதற்குள் பதில் வராவிட்டால் மறுப்பில்லை என்று பொருள். அப்போதும் மெரியில் கேட்டு அதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். ஏதாவது தாள் குறைகிறது என்று அந்த மாதத்துக்குள் கடிதம் வந்தால், அந்தத் தாளை நீங்கள் கொடுத்த நாளிலிருந்து கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். பெரிய பொறி இன்னொன்று: பாதுகாக்கப்பட்ட பழைய தேவாலயம், கோட்டை, சந்தை மண்டபம் எதுவும் 500 மீட்டருக்குள் இருந்தால் மனு பெரும்பாலும் அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞரின் கைக்கும் போகும். அப்போது இரண்டு மாதம். தென்மேற்கில் பாதி ஊர்களின் நடுவே அப்படி ஏதோ ஒன்று நிற்கிறது. தெருப்பக்கச் சுவரில் அவர் விடமாட்டார், கொல்லைப்பக்கம் மரச்சட்டத்தால் மூடி வைக்கச் சொல்வார். முதலிலேயே கொல்லைப்பக்கம் காட்டி மனு போடுங்கள்.

அனுமதி வந்தபின் தெருவிலிருந்து படிக்கும்படி ஒரு அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், 80 சென்டிமீட்டருக்கு மேல் நீள அகலம், வீட்டு மராமத்துச் சாமான் விற்கும் பிரிகோலாஜ் கடையில் கிடைக்கிறது. பலகை வைத்த நாளிலிருந்து இரண்டு மாதம் வரை அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கலாம். இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் மார்ச் ஏன் என்று புரியும்.

என் பக்கத்தில் ஓர் அறை ஏசிக்குப் பொருத்தும் கூலியோடு 2,000க்கும் 3,000க்கும் நடுவே விலை சொல்கிறார்கள். மூன்று பேரிடம் தெவி (எழுத்து மூலமான விலை மதிப்பீடு) வாங்குங்கள். குளிர்வாயுவைக் கையாளும் தகுதிச் சான்று உள்ள நிறுவனமா என்று தெவியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காற்றிலிருந்து காற்றுக்கு மாற்றும் இந்த வகை ஏசிக்கு மாப்ரிம்ரெனோவ் என்ற அரசின் வீட்டுச் சீரமைப்பு உதவித்தொகை கிடையாது. "அரசு பாதி கொடுக்கும்" என்று வாசலில் வந்து நிற்பவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். வீட்டு எரிசக்தி வேலைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு விற்பது 2020 முதலே தடை. வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களானால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை இருக்கிறது, பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வாய்ச் சம்மதத்தை நம்பாதீர்கள்.

சக்கரம் வைத்த ஏசிக்கு இந்த அனுமதி எதுவும் வேண்டாம். 300 முதல் 600 யூரோ. ஆனால் அதன் குழாயை ஜன்னல் வழியே வெளியே விட வேண்டும், பிரெஞ்சு ஜன்னலோ கதவுபோல உள்பக்கம் திறப்பது. குழாய்க்காகத் திறந்த இடுக்கு வழியாக வெளிவெப்பம் முழுக்க உள்ளே வரும். ஜன்னலைச் சுற்றி ஒட்டி ஜிப் போடும் துணி ஒன்று 20 யூரோவுக்குக் கிடைக்கிறது. அது இல்லாமல் இந்த ஏசியை ஓட்டுவது கரண்டுக்குக் கேடு.

கரண்ட் என்றதும் ஒன்று. பல கிராம வீடுகளில் ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய கரண்டின் உச்ச அளவு 6 கேவிஏ. மின்சார ஓவனும் வெந்நீர்த் தொட்டியும் ஏசியும் ஒன்றாக ஓடினால் மொத்த வீடும் அணைந்துவிடும். லிங்கி என்ற ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் தொலைபேசியிலேயே 9க்கு மாற்றலாம், ஆள் வரத் தேவையில்லை, சந்தா கொஞ்சம் கூடும். யூனிட் ஏறத்தாழ 20 சென்ட் என்று வைத்தால், சக்கர ஏசி எட்டு மணி நேரம் ஓட ஒன்றரை யூரோ சொச்சம், மேஜை ஃபேனுக்குப் பத்து சென்ட்கூட ஆகாது.

2. ஏப்ரல்: ஜன்னல் மரக்கதவுகள்

எனக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் மற்றதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். வெளியே இருக்கும் வொலே என்ற மரக்கதவுதான் இந்த ஊர் ஏசி. உள்ளே போடும் திரைச்சீலை அறையை இருட்டாக்கும், அவ்வளவுதான். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான்.

ஒவ்வொரு கதவையும் மூடித் திறந்து பாருங்கள். கீலில் எண்ணெய் விடுங்கள், துருப்பிடித்த கொக்கியை மாற்றுங்கள். வாடகை வீட்டில் எண்ணெய் விடுவது உங்கள் வேலை. பலகை உளுத்துப்போய்த் தொங்கினால் மாற்றிக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. புகைப்படத்தோடு ஏப்ரலிலேயே எழுதுங்கள், தச்சருக்கும் வரிசை உண்டு.

சுவரில் இரண்டு பலகையும் சேரும் இடத்தில் ஒரு நீண்ட இரும்புக் கொக்கி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது முழுக்கப் பூட்டுவதற்கு அல்ல. இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு கை அகலம் விட்டு மாட்டுவதற்கு. நேர் வெயில் வராது, வெளிச்சமும் கொஞ்சம் காற்றும் வரும், பலகை காற்றில் அடித்துக்கொள்ளாது. வடக்குப் பக்க ஜன்னலுக்குப் பகலில் இந்த அளவு போதும். தெற்கையும் மேற்கையும் முழுக்க மூடிவிடுங்கள்.

ஓட்டில் பதித்த ஜன்னலுக்கு மரக்கதவு கிடையாது, மாடியறை அடுப்பாவது அதனால்தான். வெளியே மாட்டும் மறைப்புத் துணி 70 யூரோவிலிருந்து கிடைக்கிறது. அதுவும் முடியாவிட்டால் மருந்துக்கடையில் விற்கும் வெள்ளித்தாள் போர்வை, இரண்டு மூன்று யூரோ, கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். பார்க்க அசிங்கம்தான்.

கொசுவலையையும் இதே மாதத்தில் முடியுங்கள். இரவு ஜன்னல் திறந்து கிடந்தால்தான் வீடு ஆறும், வலையில்லாமல் திறந்தால் புலிக்கொசு விடாது. வெல்க்ரோ ஒட்டும் வலை ஜன்னலுக்குப் பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும்.

3. மே: மெரி பதிவேட்டில் பெயர் கொடுங்கள்

2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டப்படி ஒவ்வொரு மெரியும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், 60 தாண்டி வேலை செய்ய இயலாதவர்கள், மாற்றுத்திறனாளிகள் பெயர் கொடுக்கலாம். பணம் இல்லை, கட்டாயமும் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர், வீட்டுக்கு வரும் செவிலியர் இருந்தால் அவர் பெயர். மகனோ மருத்துவரோ எழுதிக் கொடுத்தாலும் ஏற்பார்கள். எச்சரிக்கை வந்ததும் மெரியிலிருந்து கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள், எடுக்காவிட்டால் ஆள் அனுப்புவார்கள்.

சின்ன ஊர் மெரி வாரத்துக்கு இரண்டு அரைநாள் திறந்தாலே பெரிது. நேரம் கதவில் ஒட்டியிருக்கும், போவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். போன கையோடு, வெப்ப நாட்களில் ஊர் மண்டபத்தைக் குளிர்ச்சியாக்கித் திறப்பார்களா என்று செயலாளரிடம் கேளுங்கள். அங்கே எல்லாம் அவர்தான்.

4. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்களா?

கோடையில் பெற்றோரை வரவழைப்பவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள். விசாவுக்கு நீங்கள் மெரியில் வாங்கும் வரவேற்புச் சான்றுக்கு 30 யூரோ முத்திரை. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அந்தக் காப்பீட்டுத் தாளின் முதல் பக்கத்தையும், கூப்பிட வேண்டிய எண்ணையும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் இங்கே மருந்தாளருக்குப் புரியாது. மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். பிரஷருக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெப்ப நாட்களில் உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும். அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள், மருந்துக்கடையிலோ மருத்துவரிடமோ கேளுங்கள்.

அப்பாவின் வழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம். "ஜன்னலைச் சாத்திக்கிட்டு எப்படிப்பா இருக்கறது, காத்து வர வேணாமா?" என்று பகல் இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் திறந்து வைப்பார். வெளியே 38, உள்ளே 26 என்றால் வருவது காற்றில்லை, அனல். பத்து யூரோவுக்கு இரண்டு வெப்பமானி வாங்கி ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒன்றை வடக்குச் சுவரின் நிழலிலும் மாட்டுங்கள். வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிடக் குறைந்தால் திற, இல்லையென்றால் மூடு. எண்ணைக் காட்டினால் அப்பாவும் ஒத்துக்கொள்வார்.

மாலை நடைக்கு ஐந்து மணி நம் ஊரில் சரி. இங்கே கோடை நேரம் சூரியனைவிட இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சிப்பொழுதே மதியம் இரண்டு மணிக்குத்தான், கடும் வெப்பம் ஐந்து ஆறு மணிக்கு. நடை காலை எட்டுக்கு முன், இல்லையென்றால் இரவு ஒன்பதுக்குப் பின்.

மோர் தேடுபவர்களுக்கு: சூப்பர் மார்க்கெட்டில் பால் வரிசையில் லபென், லே ரிபோ என்று இரண்டு கிடைக்கும். உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டால் குறை தெரியாது.

5. ஜூன்: நிறங்களைப் படியுங்கள்

அரசின் வானிலை நிறுவனமான மெத்தியோ-பிரான்ஸ் தினமும் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாவட்டவாரியாக விஜிலான்ஸ் என்ற எச்சரிக்கை வரைபடம் வெளியிடுகிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இலவசச் செயலியில் உங்கள் மாவட்டத்தைப் பதிந்து வையுங்கள். வெப்ப அலை என்று அறிவிக்கும் அளவு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பாரிசில் மூன்று நாள் சராசரி பகலில் 31, இரவில் 21. துலூஸ் இருக்கும் ஒத்-கரோனில் பகலில் 36, இரவில் 21. இரவு எண்ணைக் கவனியுங்கள். பகல் 37 தொட்டாலும் இரவு 17க்கு இறங்கினால் கல்வீடு தாங்கும். இரவு 22க்குக் கீழே வராமல் நாலைந்து நாள் போனால் சுவரே சூடேறிவிடும், அப்புறம் ஜன்னல் வித்தை எதுவும் எடுபடாது. அந்த நாள் வருவதற்குள் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள்.

ஆரஞ்சு என்றால் பகலில் சமையல் வேண்டாம், காலையிலேயே குக்கர் வைத்து முடியுங்கள். அறை 35 டிகிரியைத் தாண்டினால் வெறும் ஃபேன் சூட்டைத்தான் வாரி அடிக்கும். ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் முன் உட்காருங்கள். பிள்ளைகளை நகராட்சி நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போகலாம், ஆனால் அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். ஒட்டிய நீச்சலுடை வேண்டும், பல இடங்களில் தலைக்குத் தொப்பியும்.

6. தண்ணீர் கட்டுப்பாடு

வெயிலோடு வறட்சி ஆணையும் வரும். பிரெஃபெக்சர் என்ற மாவட்ட அரசு அலுவலகம் நான்கு படிகளில் அறிவிக்கும், கடைசிப் படி நெருக்கடி. எந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், கார் கழுவலாமா, குளம் நிரப்பலாமா என்பது உங்கள் முகவரியைப் போட்டால் விஜிஓ என்ற அரசுத் தளத்தில் தெரியும். மீறினால் அபராதம் 1,500 யூரோ வரை. சொந்தக் கிணறுதானே என்ற வாதம் எடுபடாது. சேமித்த மழைநீருக்குப் பொதுவாக விலக்கு உண்டு, ஆகவே மழை பெய்யும் மாதத்திலேயே கூரைக்குழாய்க்கு அடியில் ஒரு தொட்டி வைத்துவிடுங்கள். காய்ந்த புல்லையும் இலையையும் கொல்லையில் கொளுத்தவே கூடாது, தெஷெத்தரி என்ற குப்பை சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

7. வெளிவேலைக்குப் போகிறவர்கள்

லெக்தூர் பக்கம் முலாம்பழம் பறிக்க, பிறகு திராட்சை அறுவடைக்கு, கட்டட வேலைக்கு என்று போகிறவர்களுக்கு 2025 ஜூலை 1 முதல் புது விதி இருக்கிறது. மெத்தியோ-பிரான்ஸ் மஞ்சள் காட்டினாலே முதலாளி வேலை நேரத்தை மாற்றுவது, நிழல், ஓய்வு, குளிர்ந்த தண்ணீர் போன்றவற்றைப் பார்த்தாக வேண்டும். குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு தொழிலாளிக்கு நாளுக்குக் குறைந்தது 3 லிட்டர். 2023 செப்டம்பரில் ஷாம்பாஞ் திராட்சைத் தோட்டங்களில் வெயிலில் வேலை செய்த தொழிலாளர்கள் இறந்தது நினைவிருக்கட்டும். முதல் வாரத்தில் உடம்பு இந்த வெயிலுக்குப் பழகியிராது, மற்றவர் வேகத்துக்கு ஓடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் வேலையிலிருந்து விலகி நிற்க சட்டத்தில் இடமுண்டு. முதலாளிக்கு ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பிவிட்டு விலகுங்கள், சாட்சிக்கு ஆகும்.

8. யாராவது விழுந்தால்

உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. இது சாதாரண மயக்கமல்ல. உடனே 15. மொபைலில் 112ம் வேலை செய்யும், காது கேளாதவர்கள் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். சொல்ல வேண்டிய வாக்கியம்: "மா மேர் ஆ அன் கூ த ஷலெர்", என் அம்மாவுக்கு வெப்பத்தாக்கு. அடுத்து ஊர்ப்பெயர், மாவட்டம், வீடு இருக்கும் லியூ-தியின் (கிராமத்துக்குள் தனிப்பெயர் உள்ள சிறு பகுதி) பெயர். இதை இப்போதே தாளில் எழுதி வையுங்கள், பதற்றத்தில் நாக்கு வராது. ஒரே பெயரில் பக்கத்துக் கிராமத்திலும் ஒரு லியூ-தி இருக்கும். ஒருவர் சாலை முனையில் போய் நிற்கட்டும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் விடாதீர்கள். காய்ச்சல்தானே என்று பாரசிட்டமால் கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டை அது இறக்காது, கெடுதல் செய்யலாம். அவசரமில்லாத கேள்விக்கு வெப்ப அலை நாட்களில் 0800 06 66 66 இலவசம்; இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடைக்கு 3237.

9. செப்டம்பர்: சுவரைச் சுற்றி ஒரு நடை

ழெர் களிமண் பூமி. வறட்சியில் மண் சுருங்கும், மழையில் உப்பும், நடுவில் சுவர் வெடிக்கும். வாங்கப் போகும் வீட்டைக் கையெழுத்துக்கு முன் ஜெயோரிஸ்க் என்ற அரசுத் தளத்தில் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கோடை முடிந்ததும் ஜன்னல் மூலைகளில் படிக்கட்டுபோல் இறங்கும் விரிசலைத் தேடி, பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதியோடு படமெடுங்கள். படங்களோடு மெரிக்குப் பதிவுத் தபால். பலர் எழுதினால்தான் மேயர் இயற்கைப் பேரிடர் அங்கீகாரம் கேட்பார். அது ஓராண்டுகூட இழுக்கும். ஆணை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் வீட்டுக் காப்பீட்டுக்கு நீங்கள் தெரிவித்தாக வேண்டும், உங்களுக்கென்று தனியாக யாரும் கடிதம் போடமாட்டார்கள். மெரி அறிவிப்புப் பலகையை மாதம் ஒருமுறை பாருங்கள். களிமண் விரிசலுக்கு முதல் 1,520 யூரோ உங்கள் கையிலிருந்து போகும், மீதிக்குத்தான் காப்பீடு. அதற்குள் சிமென்ட் பூசி வண்ணமடித்துவிடாதீர்கள், பார்க்க வரும் நிபுணருக்குக் காட்ட விரிசல் இருக்க வேண்டும்.